பூங்குழலி (பொன்னியின் செல்வன் கதைமாந்தர்)

பூங்குழலி என்பவர் கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் வரலாற்றுப் புதினத்தில் இடம்பெறும் ஒரு கற்பனைக் கதைமாந்தர் ஆவார். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் காவலரான தியாகவிடங்கரின் மகளாகிய இவர், கடலில் தனியே படகு செலுத்தும் பெண்ணாக அறிமுகமாகிறார். கதையின் முடிவில் சோழ நாட்டின் அரசியாகிறார். இளவரசர் அருள்மொழிவர்மர் இவருக்கு இட்ட பெயர் "சமுத்திர குமாரி" என்பதாகும்.

நீண்ட தொடர்கதை ஒன்றில் துணைமாந்தர் ஒருவர் எவ்வாறு படைக்கப்படுகிறார், தொடர் முடிவை நெருங்கும்போது அவருக்கு என்ன நேர்கிறது என்பதற்குத் தமிழில் நல்ல எடுத்துக்காட்டாகப் பூங்குழலியைக் கொள்ளலாம். முதற்பாதியில் இவருக்கு இருந்த தனித்தன்மை இறுதிப் பாகத்தில் ஓரளவு குறைகிறது. இதற்கான காரணங்களும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

(கீழே கதையின் முக்கிய நிகழ்வுகளும் முடிவும் கூறப்பட்டுள்ளன. புதினத்தை இனிமேல்தான் படிக்க இருப்போர் இதனைக் கருத்திற் கொள்க.)

தொடர் வெளிவந்த முறை

பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. ஓவியங்களை மணியம் வரைந்தார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்னும் ஐந்து பாகங்களில் மொத்தம் 293 அத்தியாயங்கள் உள்ளன. இவற்றுள் இறுதிப் பாகம் மட்டும் 91 அத்தியாயங்களைக் கொண்டது. பூங்குழலியின் பாத்திரம் சற்றுத் தடுமாறுவதும் இந்த நீண்ட பாகத்தில்தான் என்பது கவனிக்கத்தக்கது.

வார இதழ்த் தொடரில், எழுதி வெளியான அத்தியாயத்தைத் திரும்பப் பெற இயலாது. நிரலாக்கத்தில் ஒரு பிழையைக் கண்டால் பழைய கோப்பைத் திறந்து திருத்திவிடலாம். தொடர்கதை ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. முதற்பாகத்தில் ஒரு மாந்தரைப் பற்றிச் சொன்னது ஐந்தாம் பாகத்தில் இடையூறாக இருந்தாலும் அதனை ஏற்றுக்கொண்டேதான் மேலே செல்ல வேண்டும். வாசகர்களும் இடையிடையே கடிதம் எழுதுவார்கள். ஆகவே தொடர்கதையின் துணைமாந்தரை மதிப்பிடும்போது, முழுதும் எழுதி முடித்துப் பின் அச்சேறிய நாவலுக்குரிய அளவுகோலை அப்படியே பொருத்துவது முறையாகாது.

அறிமுகம்

பூங்குழலியின் பெயர் முதற்பாகத்திலேயே வந்துவிடுகிறது. தஞ்சையில் வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் தரும் சேந்தன் அமுதன், கோடிக்கரையில் இருக்கும் தன் மாமன் மகளைப் பற்றி அவனிடம் கூறுகிறான். ஆனால் அவரை வாசகர் நேரில் காண்பது இரண்டாம் பாகமான சுழற்காற்றின் முதல் அத்தியாயத்தில்தான். அவ்வத்தியாயத்தின் தலைப்பே "பூங்குழலி" என்பதாகும். ஒரு துணைமாந்தரின் பெயரைச் சூட்டி ஒரு பாகத்தைத் தொடங்குவது அவருக்கு ஆசிரியர் கருதிய இடத்தைக் காட்டுகிறது.

படகில் தனியே அமர்ந்து பாடும் பெண்ணாக அவர் முதலில் தோன்றுகிறார். இலங்கைக்குச் செல்ல வேண்டி வரும் வந்தியத்தேவன் அவரைத் துரத்திச் சென்று சேற்றுப் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறான். அவனைக் கரையேற்றுபவரும் அவரே. வீரத்துக்கும் பேச்சுத் திறமைக்கும் பெயர்பெற்ற கதைத்தலைவன், இந்தப் பெண்ணின் ஊரில் அவர் துணையின்றி ஓரடியும் எடுத்து வைக்க முடியாதவன் என்பதை இக்காட்சி ஒன்றே நிறுவிவிடுகிறது. பின்னர் நள்ளிரவில் சதுப்பு நிலத்தில் எரிந்து மறையும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, அவைதாம் தன் காதலர்கள் என்று பூங்குழலி சொல்லும் இடம் வாசகர்களிடையே மிகவும் பேசப்படுவதாகும்.

கோடிக்கரை இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊராகும். இங்குள்ள குழகர் கோயில் சுந்தரரால் பாடப்பெற்றது. சோழர் காலத்தது எனக் கருதப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அழிந்தது. காடு, சதுப்பு, உப்பங்கழி, கடல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் இந்நிலத்தைக் கல்கி வெறும் பின்னணியாகப் பயன்படுத்தவில்லை. எந்த இடத்தில் கால் வைக்கலாம், எந்தக் காற்றில் படகைத் தள்ளலாம் என்ற அறிவு பூங்குழலியிடம் உள்ளது. பேரரசின் இளவரசர்களிடமும் ஒற்றர்களிடமும் இல்லாத உடைமை இது.

கதையில் பங்கு

பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் இலங்கைக்கு அழைத்துச் செல்கிறார். சுழிக்காற்றில் கப்பல் அழிந்து கடலில் தத்தளிக்கும் அருள்மொழிவர்மரையும் வந்தியத்தேவனையும் காப்பாற்றுகிறார். நச்சுச் சுரத்தால் நினைவிழந்த இளவரசரைச் சேந்தன் அமுதனுடன் சேர்ந்து கால்வாய் வழியாக நாகைப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் சேர்க்கிறார். ஐந்தாம் பாகத்தில் கடல் பொங்கி நாகைக்குள் புகும்போதும் அவருடைய படகு வந்து சேர்கிறது. காவிரி வெள்ளத்தில் குடந்தைச் சோதிடரின் வீட்டுக் கூரை மிதந்து செல்ல, அதனைப் பற்றிக்கொண்டு போகும் கொடும்பாளூர் இளவரசி வானதியைக் காப்பாற்றவும் பூங்குழலிதான் நீரில் பாய்கிறார்.

இந்நிகழ்வுகளில் எதை நீக்கினாலும் கதை அங்கேயே நின்றுவிடும். துணைமாந்தர் என்ற சொல் இவ்விடத்தில் சற்றுப் பொருந்தாமல் போகிறது என்றே கூற வேண்டும்.

அத்தையின் நிழல்

பூங்குழலியின் பாத்திரத்துக்கு ஆழம் தருவது அவருடைய அத்தை மந்தாகினி ஆவார். "ஊமை ராணி" என்று குறிப்பிடப்படும் மந்தாகினி பேசவும் கேட்கவும் இயலாதவர். இலங்கையை அடுத்த தீவொன்றில் ஒதுங்கிய இளம் சுந்தர சோழருடன் சில காலம் வாழ்ந்தவர். பின்னர் அவரைச் சோழ நாட்டு அரச வாழ்வு அழைத்துக்கொண்டது. அவரைத் தேடிவந்த மந்தாகினி, கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து கடலில் குதித்தார். உயிர் பிழைத்தபோதும், அவர் இறந்துவிட்டதாகவே சுந்தர சோழர் நெடுங்காலம் நம்பி வருந்துகிறார்.

இக்கதையைப் பூங்குழலி அறிவார். பாழடைந்த மண்டபத்தில் மந்தாகினி வரைந்து வைத்துள்ள சித்திரங்கள், பேச்சில்லாத ஒருவரின் வாழ்க்கை வரலாறாக அவருக்குப் படிக்கக் கிடைக்கின்றன. அரசகுமாரனை விரும்பிய படகுக்காரப் பெண்ணின் முடிவு என்ன என்பதைத் தன் குடும்பத்திலேயே கண்டிருந்தும் அவர் அருள்மொழிவர்மரை விரும்புகிறார். ஆகவே அவருடைய காதல் ஒருதலைக் காதல் மட்டுமன்று. தன் அத்தைக்கு நேர்ந்தது தனக்கும் நேருமா என்ற அச்சமும், நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வைராக்கியமும் அதில் கலந்துள்ளன. அவருடைய கடுமையான பேச்சும் திடீரென்று மாறும் மனநிலையும் இதனால்தான் செயற்கையாகத் தோன்றுவதில்லை.

மந்தாகினி இறுதியில் சுந்தர சோழர் மீது எறியப்பட்ட வேலைத் தன் மார்பில் தாங்கி இறக்கிறார். அவருடைய கதை அங்கே முழுமை பெறுகிறது. பூங்குழலியின் கதைக்கு அத்தகைய முழுமை வாய்த்ததா என்பதே கேள்வி.

முடிவும் அதன் சிக்கலும்

அரசியாக வேண்டும் என்ற ஆசையைப் பூங்குழலி வெளிப்படையாகவே பேசுபவர். அவரது கேலியால் புண்பட்ட வானதி, தான் ஒருபோதும் சோழ சிம்மாசனத்தில் அமர்வதில்லை என்று சபதம் செய்கிறார். இதன் பிறகு பூங்குழலி தம் மனத்தை மாற்றிக்கொண்டு, கோயிலுக்குப் பூ எடுத்துக் கொடுக்கும் எளிய இளைஞனாகிய சேந்தன் அமுதனை மணக்க முடிவு செய்கிறார். கதையில் அவர் முழுக்கத் தாமாகவே எடுக்கும் மிகப்பெரிய முடிவு இதுவாகும். அத்தையின் வாழ்வைப் பாழாக்கிய அரண்மனையை அவர் தெரிந்தே விலக்குகிறார்.

ஆனால் உடனடியாகவே சேந்தன் அமுதன் யார் என்பது வெளிப்படுகிறது. அவன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். அதுவரை மதுராந்தகன் என்ற பெயரில் அரண்மனையில் வளர்ந்தவன் வேறொருவன். முடிசூட்டு விழாவில் அருள்மொழிவர்மர் மகுடத்தை எடுத்து அமுதனின் தலையில் வைக்க, அவன் உத்தம சோழனாகிறான். பூங்குழலி அரசியாகிறார்.

வாசகருக்கு இது மகிழ்ச்சி தரும் திருப்பமே. எனினும் பூங்குழலியின் பக்கமிருந்து நோக்கினால் ஒரு குறை புலப்படும். அரண்மனையை வேண்டாம் என்று அவர் செய்த தேர்வு, அவரைக் கேளாமலேயே செல்லாததாகிவிடுகிறது. துறந்ததே பரிசாகத் திரும்பி வருகிறது. முடிசூட்டு நாளின் பெருமை முழுவதும், நியாயமாகவே, மகுடத்தைத் துறந்த அருள்மொழிவர்மருக்குச் சேர்கிறது. பாகத்தின் பெயரே தியாக சிகரம் என்பதை இங்கு நினைவிற் கொள்க. அவ்வேளையில் கடலை விட்டு வரப்போகும் பெண்ணின் மனம் கதையின் நடுவில் இல்லை.

வரலாறு விதித்த எல்லை

இதற்கு ஆசிரியரை மட்டும் பொறுப்பாக்க இயலாது. உத்தம சோழன் வரலாற்று மாந்தர். சுந்தர சோழருக்குப் பின், கி.பி. 970 அளவில் தொடங்கி 985 வரை ஆண்டவர். 985-இல் முதலாம் இராசராசன் அரியணை ஏறினார். இராசராசன் தன் உரிமையை விட்டுக்கொடுத்துச் சிறிய தந்தையாகிய உத்தம சோழனுக்கு வழிவிட்டார் என்னும் செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தருகின்றன. ஆகவே கதை எவ்வாறு சென்றாலும் முடிவில் உத்தம சோழன் ஒருவர் முடிசூட வேண்டும்.

வரலாற்றில் மதுராந்தகன் என்பதும் உத்தம சோழன் என்பதும் ஒருவரையே குறிக்கும் பெயர்கள். இவ்வொருவரைக் கல்கி இருவராகப் பிரித்தார். சூழ்ச்சிக்கு ஆட்பட்ட பொய் மதுராந்தகன் ஒருபுறமும், பக்தியும் அடக்கமும் உடைய அமுதன் மறுபுறமும் ஆனார்கள். செம்பியன் மாதேவி போன்ற ஒருவரின் மகன் இழிந்தவனாக அரியணை ஏறும் நெருடலும், அருள்மொழியின் தியாகம் தகுதியற்றவனுக்குப் போய்ச் சேரும் நெருடலும் இதனால் நீங்கின. கதைக்கட்டமைப்பு என்ற வகையில் மிகவும் திறமையான தீர்வு இது. அதற்கான விலையைக் கொடுத்தவர் பூங்குழலி. அமுதனுக்கு வரலாறு ஓர் அரியணையை ஒதுக்கி வைத்திருந்தது. பூங்குழலியோ வரலாற்றில் இல்லாதவர் என்பதால் அவருக்கு அமுதனின் பக்கத்து இருக்கையே கிடைத்தது. உத்தம சோழனுக்கு அரசியர் பலர் இருந்தனர் என்பது செம்பியன் மாதேவி என்னும் ஊரிலுள்ள கல்வெட்டுகளால் தெரிகிறது. கோடிக்கரைப் படகுப்பெண் எவரும் அவற்றில் இல்லை.

அமுதனை அரசனாக்கியபோதும் பூங்குழலியைக் குறைவின்றி நிறைவு செய்திருக்க முடியும். அதற்கு வேண்டிய பொருள் முழுவதும் கதைக்குள்ளேயே உள்ளது. மந்தாகினிக்குக் கிடைக்காத இடத்தை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியை மகுடம் அமுதன் தலையில் ஏறும் முன்பே அவரிடம் கேட்கும் ஓர் அத்தியாயமே போதும். அவர் "சரி" என்று சொன்னாலும் அது அவருடைய சொல்லாக இருந்திருக்கும். ஈழத்துக்கும் நாகைக்கும் இடையே ஒவ்வொரு சுழியையும் அறிந்த ஒருவர் கடல் கடந்து போரிடும் அரசின் அரண்மனைக்குள் வரும்போது, அந்த அறிவுக்கு அங்கே என்ன வேலை என்பதும் சுவையான கேள்வியே. 91 அத்தியாயங்கள் கொண்ட பாகத்தில் இவற்றுக்கு இடம் இல்லாமல் இல்லை.

இதற்கு மாறாக, மற்றொரு துணைமாந்தராகிய சம்புவரையர் மகள் மணிமேகலைக்குப் புதினத்தின் கடைசி அத்தியாயமே ஒதுக்கப்பட்டது. "மலர் உதிர்ந்தது" என்னும் அவ்வத்தியாயத்தில் அவர் வந்தியத்தேவனின் மடியில் உயிர் துறக்கிறார். தொடக்கத்தில் விளையாட்டுப் பெண்ணாகத் தோன்றிய மணிமேகலை முடிவில் வாசகரைக் கலங்க வைப்பதும், தொடக்கத்தில் வியக்க வைத்த பூங்குழலி முடிவில் ஓரமாக நிற்பதும் ஒரே பாகத்தில் நிகழ்கின்றன.

தொடர் நிறைவுற்றபின் கதை திடீரென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் பலர் கல்கிக்கு எழுதினர். அவர் முடிவுரை ஒன்றை வெளியிட்டு, வாசகர்கள் எழுப்பிய வினாக்களைப் பட்டியலிட்டு, மாந்தர்கள் பலரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகத் தெரிவித்தார். முழுக்கற்பனைக் கதையைப் போல எல்லாரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது வரலாற்றுக் கதையில் இயலாது என்பது அவர் கூறிய சமாதானத்தின் சாரம். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார்.

குறவஞ்சிச் சிங்கியுடன் ஒப்பீடு

தமிழ் மரபில் துணைமாந்தர் தம் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் நிறைவு பெறும் முன்மாதிரி ஒன்று உண்டு. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியே அது. இது தொடர்கதை அன்று, ஒரே மூச்சில் ஆடவும் பாடவும் அமைந்த நாடக இலக்கியம். வடிவில் பெரிய வேறுபாடு இருந்தாலும் ஒப்பீடு பயன் தருவதே.

உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்ளும் வசந்தவல்லியே இந்நூலின் தலைவி. அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தி சிங்கி, கதை இலக்கணப்படி ஒரு துணைமாந்தர். வந்ததும் அவள் செய்வது தன் மலையின் வளத்தைப் பாடுவது. பூங்குழலிக்குக் கடல் எப்படியோ அப்படிச் சிங்கிக்குக் குற்றால மலை. குறி சொல்லிப் பரிசு பெற்றபின் அவள் தலைவியின் மாளிகையில் தங்குவதில்லை. நூலின் பிற்பகுதி அவளைத் தேடி வரும் கணவன் சிங்கனையும் அவனுக்குத் துணையாக வரும் நூவனையும் பற்றியதாக மாறிவிடுகிறது. சிங்கன் அவளைக் கண்டு, அவள் அணிந்துள்ள நகைகள் ஒவ்வொன்றையும் சுட்டி "இது என்ன, அது என்ன" என்று கேட்க, அவள் விடை சொல்லும் உரையாடல் நூலின் புகழ்பெற்ற பகுதிகளில் ஒன்று. அரச பரிசு அவள் உடலில் இருக்கிறது, அவளோ தன் மலைக்கும் தன் கணவனுக்கும் உரியவளாகவே நிற்கிறாள். இவ்விலக்கிய வகைக்கே தலைவியின் பெயரால் அன்றிக் குறத்தியின் பெயரால் குறவஞ்சி என்ற பெயர் வழங்குகிறது.

பிற நாட்டுத் தொடர்களில்

தொடராக வெளிவரும் கதைகளுக்கு இச்சிக்கல் பொதுவானது. சார்லஸ் டிக்கன்ஸின் டேவிட் காப்பர்பீல்டு 1849–50-இல் மாதத் தொடராக வெளிவந்தபோது, மிஸ் மௌச்சர் என்னும் குள்ளப் பெண் பாத்திரம் தம்மைக் கேலி செய்வதாக ஒருவர் முறையிட்டார். டிக்கன்ஸ் வெளியான பகுதியை மாற்ற முடியாத நிலையில், பிற்பகுதியில் அப்பாத்திரத்தை நல்லியல்பும் துணிவும் உடையவராக ஆக்கினார். தொடர் வெளிவந்துகொண்டிருப்பதே திருத்தத்துக்கு வாய்ப்பாகவும் அமையலாம் என்பதற்கு இது சான்று.

சப்பானிய மங்கா படக்கதைகள் இதே வார இதழ் முறையில் இன்னும் நெடுங்காலம் நீள்பவை. மாசாசி கிசிமோட்டோவின் நருட்டோ, வாராந்தர சோனென் ஜம்ப் இதழில் 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்கள் வெளிவந்தது. அதன் மூவர் குழுவில் ஒருவரான சக்குரா, மருத்துவப் பயிற்சியால் தமக்கெனத் தனித்திறன் பெறுகிறார். ஆயினும் முக்கியமான கட்டங்களில் அவர் மற்ற இருவரையும் நோக்கி நிற்பவராகவே அமைகிறார் என்பது வாசகர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. கதைத்தலைவர்களின் ஆற்றல் ஆண்டுதோறும் பெருகப் பெருக, பிறர் செய்வதற்கு வேலை இல்லாமல் போகிறது. பூங்குழலியின் நிலை இதிலிருந்து வேறானது. ஐந்தாம் பாகத்திலும் அவருக்கு வேலை குறையவில்லை, வெள்ளத்தில் பாய்பவர் அவர்தான். குறைந்தது அவருடைய விருப்பத்துக்குக் கதை கொடுத்த இடம் மட்டுமே.

மேடையிலும் திரையிலும்

1999-இல் சென்னையில் மேஜிக் லேண்டர்ன் நாடகக் குழு, இ. குமரவேலின் நாடக ஆக்கத்தில் பொன்னியின் செல்வனை மேடையேற்றியது. புதினம் படக்கதை வடிவிலும் வெளிவந்துள்ளது.

மணிரத்னம் இயக்கிய பொன்னியின் செல்வன் திரைப்படத்தின் இரு பாகங்கள் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. பூங்குழலியாக ஐசுவரியா லட்சுமியும், சேந்தன் அமுதனாக அசுவின் காக்குமனுவும் நடித்தனர். ஏ. ஆர். ரகுமான் இசையில் "அலைகடல்" என்னும் பாடல் பூங்குழலிக்காக அமைக்கப்பட்டது. மணிமேகலை பாத்திரம் திரைப்படத்தில் இடம்பெறவில்லை.

முடிவிலும் திரைப்படம் புதினத்திலிருந்து விலகுகிறது. அருள்மொழிவர்மர் மகுடத்தை ரகுமான் நடித்த மதுராந்தகருக்கே சூட்டுகிறார். எனவே சேந்தன் அமுதனின் பிறப்பு பற்றிய திருப்பமும், பூங்குழலி அரசியாவதும் படத்தில் இல்லை. இம்மாற்றத்தால், திரையில் காணப்படும் பூங்குழலி இறுதிவரை படகுக்காரப் பெண்ணாகவே இருக்கிறார்.